டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏறி இறங்குகிறது, டாக்டர் விளக்க மறுக்கிறார்: நானே டோஸை மாற்றிக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டது இது: டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் 1150 வந்தது, அடுத்ததில் 230. டாக்டரிடம் காரணம் கேட்டால் "நெட்ல படிச்சிட்டு வந்து என்னைக் கேள்வி கேக்காதே" என்கிறார். டாக்டரை மாற்றுவதா, டோஸை நீங்களே குறைத்துக்கொள்வதா என்று குழம்பியிருக்கிறீர்கள்.

நானும் திருநம்பிதான் (பிறப்பில் பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்கிறவன்), ஈரோட்டுப் பக்கம். டோஸை நீங்களாகத் தொடாதீர்கள். டாக்டரை மாற்றலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிப் பதில்.

முதலில் அந்த இரண்டு எண்கள். எத்தனை நாளைக்கு ஒரு ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை 250 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த நிறையப் பேருக்கு முதலில் எழுதிக் கொடுப்பது அதுதான். அந்த எண்ணெய் மருந்து ஊசி போட்ட ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்றாவது வாரக் கடைசியில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போது வரும் சோர்வும் எரிச்சலும் போட்டுக்கொள்கிற எல்லோருக்கும் தெரியும். சம்பளம் வந்த மறுநாள் ஒரு தடவையும் மாசக் கடைசியில் ஒரு தடவையும் பர்ஸைத் திறந்து பார்த்த மாதிரிதான் உங்கள் 1150ம் 230ம். இரண்டுமே உண்மையான எண்களாக இருக்கலாம், உங்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமலே.

அதனால்தான் 2017இல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த வகை ஊசிக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் எடுக்கச் சொல்கிறது. அந்த நடுநாளில் ஒரு டெசிலிட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் வரை இருந்தால் சரி. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுகிற பெரிய ஊசி என்றால் கணக்கு வேறு, அதற்கு அடுத்த ஊசி போடும் முன்பு எடுக்க வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. இதில் அலகு வேறு குழப்பும். சில லேப்புகள் மில்லிலிட்டர் கணக்கில் 4.5 என்று அச்சடிப்பார்கள், அதுவும் 450ம் ஒன்றுதான். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நம்மில் பலர் சாப்பிடுகிறோம். அது சில லேப் முறைகளில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனசு கொதித்ததற்குக் காரணமே அதுதான்.

சிகிச்சையைச் சென்னையில் தொடங்கினேன். கர்ப்பப்பை, சினைப்பைகள் இரண்டையும் எடுக்கும் அறுவை சிகிச்சையும் அங்கேயே முடிந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹார்மோன் டாக்டர் ஒருவர். வயதானவர், சர்க்கரை நோயில் பெயர் எடுத்தவர். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

லேப்பின் கம்ப்யூட்டரில் என் ஃபோன் நம்பருக்குப் பழைய பதிவு அப்படியே இருந்தது, பாலினம் பெண் என்று. மாற்றச் சொல்லிக் கேட்டேன், "பில் போட்டாச்சுங்க" என்றார்கள். ரிப்போர்ட் வந்தபோது பாதிப் பக்கம் தடித்த எழுத்து. ஹீமோகுளோபின் 15.9, அதிகம். பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) 48, அதிகம். டெஸ்டோஸ்டிரோன் 610, அதற்குப் பக்கத்தில் பெண்களுக்கான அளவைப் போட்டு நட்சத்திரக் குறி. ஊசி போட்டுக்கொள்கிற ஒரு ஆணுக்கு இது மூன்றும் சரியான அளவு. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 முதல் 17 வரை என்று எந்த லேப் சீட்டிலும் இருக்கும்.

டாக்டர் எண்ணைப் பார்க்கவில்லை, தடித்த எழுத்தைத்தான் பார்த்தார். "ரத்தம் கெட்டியாயிடுச்சு. ஊசியை இன்னியோட நிறுத்து. ஆறு மாசம் ஒண்ணும் போடாதே" என்றார். நான் மரியாதையாகத்தான் பேசினேன். "சார், ஆம்பளைங்களுக்கான அளவுல வெச்சுப் பாருங்க சார். சினைப்பையும் எடுத்தாச்சு, ஊசியை நிறுத்தினா உடம்புல எந்த ஹார்மோனும் இருக்காது" என்றேன். ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியில் வந்து அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணு, அந்த டாக்டரு சொல்றது நெசமா? உனக்கு எதாச்சும் ஆயிருமா?" பல வருடம் பேசிப் பேசி அம்மாவை என் பக்கம் கொண்டுவந்திருந்தேன். ஒரு ரிப்போர்ட்டின் தப்பான பாலினக் கட்டம் அதை ஐந்து நிமிடத்தில் ஆட்டிப் பார்த்தது.

ஊசியை நிறுத்தச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. சினைப்பை இருக்கிறவர் நிறுத்தினால் மாதவிலக்கு திரும்ப வரலாம், உடம்பு தன் பழைய ஹார்மோனைச் சுரந்துகொள்ளும். எடுத்துவிட்டவருக்கு அந்த வழி கிடையாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிற உடல் சூடு, தூக்கமின்மை எல்லாம் வரும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு தேய ஆரம்பிக்கும்.

நான் நிறுத்தவில்லை. ஆனால் என் இஷ்டத்துக்கும் விடவில்லை. சென்னை டாக்டருக்கு ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டுக்கொண்டு அதே டோஸில் தொடர்ந்தேன், உள்ளூரில் வேறு டாக்டரைத் தேடினேன். கிடைத்தவர் இளம் பெண் டாக்டர். ஃபைல் முழுவதையும் படித்துவிட்டு, "எனக்கு நீங்கதான் முதல் திருநம்பி பேஷண்ட். இதை நான் படிச்சுட்டுத்தான் பேசணும். ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. சொன்னபடியே கூப்பிட்டார். சென்னை டாக்டரிடமும் பேசியிருந்தார்.

அடுத்த கோடையில் என் பி.சி.வி. நிஜமாகவே 52க்கு ஏறியது. 54ஐத் தாண்டினால் ஊசியைக் குறைப்பது, நிறுத்தி வைப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ரத்தம் கெட்டியாவது பொய்ப் பயம் இல்லை, ரத்தக் குழாயில் உறைகட்டி வரும் ஆபத்து அதில் உண்டு. அவர் பதறவில்லை. சிகரெட் உண்டா, தூக்கத்தில் குறட்டை உண்டா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறேன் என்று கேட்டார். பிறகு மூன்று வாரத்துக்கு 250 என்பதை வாரம் 80 மில்லிகிராமாகப் பிரித்தார். மொத்த மருந்து கிட்டத்தட்ட அதேதான், அந்தப் பெரிய உச்சம் மட்டும் இல்லாமல் போனது. அடுத்த பரிசோதனையில் 48. மூன்றாவது வாரக் கடைசியில் வந்த சோர்வும் போய்விட்டது. இது அவர் எனக்கு, என் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியது. இதைப் படித்துவிட்டு நீங்களும் ஊசியில் 80 அளந்து போட்டுக்கொள்ள வேண்டாம்.

அதே கோடையில் நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் வேலை பார்க்கிற இடத்தில் ரத்ததான முகாம் வைத்தார்கள். படிவத்தில் உண்மையைச் சொன்னேன், எழுப்பி அனுப்பிவிட்டார்கள். முகாம் நடத்தியவர்களைக் குறை சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதலே திருநர்கள் ரத்தம் கொடுக்க நிரந்தரத் தடை போட்டிருந்தது, எச்.ஐ.வி. ஆபத்து உள்ள கூட்டம் என்று மொத்தமாக ஒதுக்கி. ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மலேரியா எல்லாவற்றுக்கும் சோதித்துத்தானே ஏற்றுகிறார்கள்? பிறகு ஒரு மனிதனை அவன் யார் என்பதற்காகவே எழுப்பி அனுப்புவது என்ன நியாயம்? மணிப்பூரைச் சேர்ந்த திருநர் உரிமைச் செயல்பாட்டாளர் சாந்தா குரை 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கே இதைக் கொண்டுபோனார். சக ஊழியர்கள் முன்னால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டர்களை மதிக்கத் தெரியாதவன், கூகுள் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். எனக்கு ஊசி எழுதிக் கொடுத்ததும் டாக்டர், அறுவை சிகிச்சை செய்ததும் டாக்டர், இன்று நான் நிம்மதியாக இருப்பதும் ஒரு டாக்டரால்தான். நம் உடம்பைப் பற்றி டாக்டர்கள் கல்லூரியில் அதிகம் படித்ததில்லை, அது அவர்கள் தப்பில்லை. 2019இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே, ஹார்மோன் சிகிச்சைக்கு வசதி செய்ய வேண்டும், மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற டாக்டரிடம் நான் வாழ்நாள் முழுக்கப் போவேன். தெரியாமலே அடித்துச் சொல்கிறவரிடம் உடம்பைக் கொடுக்க முடியாது.

அதே சமயம் டாக்டர் திட்டினார் என்ற கோபத்தில் ஜிம்மில் விற்கிற ஊசி மருந்துக் குப்பிக்குப் போய்விடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் ரத்தத்தைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. "ஆயிரம் தாண்டினால்தான் தாடி வரும்" என்று குரூப்பில் சொல்வதையும் நம்ப வேண்டாம். தாடி பரம்பரையையும் காலத்தையும் பொறுத்தது. அளவு ஏறினால் தாடிக்கு முன்னால் பி.சி.வி.தான் ஏறும்.

திருநங்கைத் தோழிகள் இதைப் படித்தால்: நேரத்தைப் பார்த்து ரத்தம் கொடுப்பது உங்களுக்கும் பொருந்தும். நாக்குக்கு அடியில் வைக்கிற எஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன்) மாத்திரை போட்டால் அளவு சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கிவிடும். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் பொட்டாசியம் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடுகிற கருத்தடை மாத்திரையில் இருப்பது வேறு வகை ஈஸ்ட்ரோஜன், உறைகட்டி ஆபத்து அதிகம், சாதாரண எஸ்ட்ரடையால் பரிசோதனையில் அது தெரியவும் தெரியாது.

உங்கள் டாக்டருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த தடவை "ஏன் ஏறி இறங்குது" என்று கேட்காமல், ஊசி போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி இரண்டையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். "சார், நடுநாள்ல ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வாதம் பண்ண வந்தவராக இல்லாமல் கணக்கு கொண்டுவந்தவராகத் தெரிவீர்கள். லேப்பில் பில் போடும் முன்பே பாலினம் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்கும் அவர் எரிந்து விழுந்தால், ஃபைலை வாங்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போங்கள். புது டாக்டர் கிடைக்கும் வரை ஊசி விட்டுப்போகாமல் இருக்க, கையில் செல்லுபடியாகும் சீட்டு இருக்கிறதா என்று கிளம்பும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.