லேக் பவல்: சின்னப் படகுகளில் ஐந்து இரவு

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா எல்லையில் கொலராடோ ஆற்றை மறித்து நிற்கிறது கிளென் கேன்யன் அணை. 1963இல் மதகை மூடினார்கள். ஏரி முதல்முறை நிரம்ப 1980 ஆகிவிட்டது. அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் லேக் பவல். சுற்றிலும் வறண்ட பாலைவனம், நடுவே செங்குத்தான செம்பாறைகளுக்குள் வளைந்து வளைந்து போகும் நீர். 18 அடிப் படகு ஒன்றை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு பல வருடமாக அங்கே போய்வருகிறேன். பெரும்பாலும் குழுவாகத்தான். இந்த முறை குடும்பங்களோடு போகத் திட்டமிடும் சிலர் கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே.

அண்ணா, நாங்கள் பீனிக்ஸில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையில்தான். அப்போதே போகலாமா?

போகலாம், ஆனால் நான் கூட்டிப்போக மாட்டேன். ஜூலையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பாறை பகலெல்லாம் சூடேறி ராத்திரி முழுக்க அனல் விடும். வாடகை வீட்டுப்படகுகளின் கூட்டமும் அப்போதுதான் உச்சம். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை இடிமழைக் காலம் வேறு. செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடு வரை பாருங்கள். தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் இருக்கும், குளிக்கலாம். ராத்திரி ஒரு கம்பளி போதும். பள்ளியில் மூன்று நாள் லீவு கேட்டாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. ஏப்ரல், மே வேண்டாம். காற்று விடாது, தண்ணீரும் குளிராக இருக்கும்.

ஏரி வற்றிப்போய்விட்டது என்று செய்தியில் படித்தேன். படகு விட முடியுமா?

முடியும். ஆனால் திட்டத்தின் முதல் வரியே நீர்மட்டம்தான். நம் ஊரில் மேட்டூர் மட்டம் பார்ப்பார்களே, அதேபோல இங்கே தினமும் பார்க்க வேண்டும். நிரம்பிய மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 ஏப்ரலில் சுமார் 3,520 அடிக்கு இறங்கிவிட்டது. அதாவது 180 அடி காலி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டமே 120 அடிதான் என்று நினைத்துப் பாருங்கள். பாறைச் சுவரில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். தண்ணீர் எதுவரை நின்றது என்று காட்டும் சுண்ணாம்புப் படிவு அது. சில இடங்களில் அந்தப் பட்டை உங்கள் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து மாடி உயரத்தில் இருக்கும்.

மட்டம் மாறினால் மூன்று விஷயம் மாறும். முதலில், படகு இறக்கும் சாய்தளங்களில் எது திறந்திருக்கிறது என்பது. அடுத்து, வாவீப் படகுத்துறையிலிருந்து மேலே போகும் காசில் ராக் குறுக்குவழி. மட்டம் போதாவிட்டால் அது அடைபட்டுவிடும், அணைப்பக்கக் குறுகலான கால்வாய் வழியாகச் சுற்ற வேண்டும். ஏறக்குறைய 10 மைல் கூடும். மூன்றாவது, போன வருடம் நீங்கள் தங்கிய மணல்கரை. இந்த வருடம் அது தண்ணீருக்குள் இருக்கலாம், அல்லது 30 அடி உயரத்தில் தொங்கலாம். பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் தேசியப் பூங்கா சேவையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐயா, வழியில் பெட்ரோல் எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். குழுப்பயணங்கள் பெரும்பாலும் கெடுவது இதில்தான்.

வாவீப் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புல்ஃப்ராக் என்கிற அடுத்த படகுத்துறை கிட்டத்தட்ட 95 மைல் மேலே. இரண்டுக்கும் நடுவில் டாங்லிங் ரோப் என்று தண்ணீர் வழியாக மட்டுமே போகக்கூடிய ஒரு மிதக்கும் பங்க் இருந்தது, அணையிலிருந்து 40 மைல் சொச்சம். 2021இல் அது மூடப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளில் ‘அங்கே நிரப்பிக்கொண்டோம்’ என்று எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

என் கணக்கு இது. படகின் பின்னால் மாட்டும் 90 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின், ஆட்களும் சாமானும் ஏற்றிய படகு, லிட்டருக்கு ஒரு மைல். வாவீப்பிலிருந்து ரெயின்போ பிரிட்ஜ் என்கிற கல்வளைவுக்குப் போய்வர 100 மைல். பக்கவாட்டுக் கேன்யன்களில், அதாவது பாறை இடுக்குப் பள்ளத்தாக்குகளில், சுற்ற 40 மைல். மொத்தம் 140. ஆனால் டாங்கில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் செலவழிக்கக் கூடியது, மீதி ஒரு பங்கு தொடக் கூடாதது. ஆக 210 லிட்டர் வேண்டும். சின்னப் படகு டாங்க் 100, 120 தான் பிடிக்கும். மிச்சத்தை 20 லிட்டர் கேன்களில் எடுத்துப்போக வேண்டும், அந்தக் கனத்துக்கும் இடம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று: ஏரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, எஞ்சின் பலம் பத்து சதவீதம்போல் குறையும். கடற்கரை ஊரில் துள்ளிக்கொண்டு ஓடிய படகு இங்கே பாரத்தோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு இழுக்கும், பெட்ரோல் குடிக்கும். பிட்ச் (இறக்கைச் சாய்வு) குறைந்த புரொப்பெல்லர் ஒன்று மாற்றிக்கொண்டால் நல்லது. கிளம்பும் முன் உங்கள் ஊரிலேயே முழுப் பாரத்தை ஏற்றி ஒரு நாள் ஓட்டி, லிட்டருக்கு எத்தனை மைல் என்று எழுதி வையுங்கள். ‘சுமாராக இவ்வளவு’ என்று சொல்லும் படகைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

எத்தனை படகு வரை சேர்த்துக்கொள்ளலாம்?

ஆறு, ஏழு. அதற்கு மேல் போனால் சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே கரையில் இடம் கிடைக்காது. இந்த ஏரியில் பெரும்பகுதி சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், மணல் குறைவு.

இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துவிடுங்கள். ஜோடிப் படகு கண்ணுக்குத் தெரியாவிட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வேகம் குறைந்த படகுதான் முன்னால் போகும். அதன் வேகம்தான் எல்லோருடைய வேகம். வேகமான படகு, நல்ல கருவிப்பெட்டி, அனுபவமுள்ள ஆள், இந்த மூன்றும் கடைசியில். பழுதாகும் படகு பின்தங்கும். உதவி பின்னாலிருந்து வந்தால்தான் அதனிடம் வந்து சேரும்.

சாமானையும் பிரித்து ஏற்றுங்கள். இந்த ஏரிக்குப் பெயர் தந்த ஜான் வெஸ்லி பவல், 1869இல் நான்கு மரப்படகுகளில் ஒன்பது பேரோடு இந்த ஆற்றில் இறங்கியவர். போரில் ஒரு கையை இழந்தவர். பயணம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, இங்கிருந்து வெகு மேலே, ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. உணவில் ஒரு பகுதி போனது. எல்லா பாரோமீட்டர்களும் அந்த ஒரே படகில்தான் இருந்தன. நல்லவேளை, பாரோமீட்டர்களை மீட்டுவிட்டார்கள். உங்கள் குழுவின் குடிநீர் முழுவதும், அல்லது அடுப்பு எல்லாம், ஒரே படகில் போகக் கூடாது. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர், ஒவ்வொரு படகும் தன் ஆட்களுக்குத் தானே சுமக்கட்டும்.

ராத்திரி படகை எப்படிக் கட்டுவது அண்ணே? ஆற்றில் கட்டுவது மாதிரிதானே?

இல்லை தம்பி. ஒருமுறை பாத்ரே வளைகுடா என்கிற அகலமான இடத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். முன்கயிற்றை ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. ‘கர்ர், கர்ர்’ என்று ஒரு சத்தம், யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தால் கயிறு பாறை விளிம்பில் முன்னும் பின்னும் உரசுகிறது. இங்குள்ள மணற்பாறை உப்புத்தாள் மாதிரி. மூன்று புரியில் இரண்டு அறுந்து பஞ்சாக நின்றது, ஒரு புரி மட்டும் படகைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி நேரம் தூங்கியிருந்தால் படகு ஏரி நடுவில் இருந்திருக்கும். அன்றிலிருந்து பழைய தீயணைப்பு ஓஸ் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். பாறையைத் தொடும் இடத்தில் கயிற்றை அதற்குள் கோத்துவிடுவேன்.

முறை இதுதான்: மூக்கை மணலில் ஏற்றுங்கள், இரண்டு கயிறு கரைக்கு ‘வி’ வடிவில், பின்னாலிருந்து ஒரு நங்கூரம் ஆழத்துக்கு. கரையில் நங்கூரம் புதைப்பதானால் முழங்கால் ஆழம் தோண்டிப் புதையுங்கள். மே, ஜூனில் மலைப்பனி உருகி மட்டம் தினமும் ஏறும், கூடாரத்தை உயரத்தில் போடுங்கள். இலையுதிர் காலத்தில் மெல்ல இறங்கும், காலையில் படகு மணலில் உட்கார்ந்துவிடும். ராத்திரி சாப்பிட்டபின் ஓரடி பின்னால் தள்ளிவிட்டுப் படுங்கள்.

கழிப்பறை?

கரையிலிருந்து கால் மைலுக்குள் தங்கினால் எடுத்துச்செல்லும் கழிப்பறை கட்டாயம், இது சட்டம். கழிவை மூடிய பெட்டியிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும். குழி தோண்டுவது கூடாது. இந்தத் தண்ணீரைத்தான் கீழே கோடிக்கணக்கானவர்கள் குடிக்கிறார்கள்.

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். எதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டும்?

அக்கா, முதலில் லைஃப் ஜாக்கெட். படகு ஓடும்போது 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் போட்டே ஆக வேண்டும். என் குழுவில் பெரியவர்களும் போடுவார்கள், விதிவிலக்கு கிடையாது.

பலருக்குத் தெரியாதது எஞ்சின் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. இதே ஏரியில் 2000இல் வீட்டுப்படகின் பின்தட்டுக்கு அடியில் போன இரண்டு சிறுவர்கள் அந்த வாயுவால்தான் இறந்தார்கள். சின்னப் படகிலும் கித்தான் கூரையை மூடி மெதுவாக ஓட்டினால், பின்னாலிருக்கும் புகையைப் படகே உள்ளே இழுக்கும். முன்பக்கம் ஒரு திறப்பு எப்போதும் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பிள்ளைகள் பின்தட்டில் உட்காரக் கூடாது. பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் ‘வெயில்’ என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி நல்ல காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

பாறையிலிருந்து குதிப்பதும் வேண்டாம். 15 அடி, அதற்கு மேல் என்றால் தடையே இருக்கிறது.

செல்போன் எடுக்குமா?

வாவீப்பைச் சுற்றி எடுக்கும். உள்ளே போனால் பெரும்பாலும் கிடையாது. படகுக்குப் படகு பேச விஎச்எஃப் ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்குச் சேனல் 16. ஆனால் கேன்யன் திருப்பத்தில் சுவர் மறைத்தால் அதுவும் கேட்காது. குழுவுக்கு இரண்டு செயற்கைக்கோள் செய்திக் கருவியாவது இருக்கட்டும், வெவ்வேறு படகில்.

இடம் சொல்ல மைல் மிதவைகள் இருக்கின்றன. அணையிலிருந்து எத்தனையாவது மைல் என்பதே மிதவையின் எண். ‘57ஐத் தாண்டிவிட்டோம்’ என்றால் சான் ஹுவான் ஆறு சேரும் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஒவ்வொரு மிதவையையும் கடக்கும்போது பிள்ளைகள் நோட்டில் நேரம் எழுதட்டும். வழி தவறாமல் இருக்க அது பெரிய உதவி.

எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதில் போன தடவை குழப்பமாகிவிட்டது.

ஆகும். கோடை நேரத்தில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், நவாஹோ பழங்குடிகளின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நாடும் அப்படியே. ஏரியில் போகப் போக போன் தானாக மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் அரிசோனா நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

குறுகலான பக்கக் கேன்யன்களுக்குள் போகலாமா? படத்தில் அழகாக இருக்கிறது.

அதற்காகத்தான் சின்னப் படகில் போகிறோம். தொண்ணூறுக்கும் மேலே இருக்கின்றன. வீட்டுப்படகு நுழையாத இடுக்கில் எஞ்சினை நிறுத்தி, துடுப்பால் சுவரைத் தள்ளிக்கொண்டு போகலாம். நீர் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பாறையில் நெளிந்துகொண்டிருக்கும். பேசினால் குரல் திரும்பி வரும். பிள்ளைகள் தானாகவே மெதுவாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் உள்ளே போவதற்கு முன் வானத்தைப் பாருங்கள், உங்கள் தலைக்கு மேல் மட்டும் இல்லை. 20 மைல் தள்ளிப் பெய்த மழை இந்த இடுக்கு வழியாகத்தான் இறங்கும். தூரத்தில் கருமேகம் என்றால் அன்றைக்கு உள்ளே போகாதீர்கள், அதன் வாயில் கூடாரமும் போடாதீர்கள். கேன்யன் முடியும் இடத்தில் தண்ணீர் வற்றி விட்டுப்போன சேறு காய்ந்த தரை மாதிரி தெரியும். காலை வைத்தால் தொடை வரை புதையும். துடுப்பால் குத்திப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

ரெயின்போ பிரிட்ஜ் பார்க்க எவ்வளவு நடக்க வேண்டும்?

மட்டத்தைப் பொறுத்தது. தண்ணீர் இறங்கியிருந்தால் மிதவைத் துறையிலிருந்து ஒரு மைலுக்கு மேலும் ஆகும். 290 அடி உயரம், 275 அடி அகலத்தில் இயற்கையே செதுக்கிய கல்வளைவு. நவாஹோ உள்ளிட்ட பல பழங்குடிகளுக்கு அது கோயில். அடியில் நடக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள், அந்த வேண்டுகோள் நமக்குப் புரியும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வரும்போது படகைச் சோதிப்பார்களாமே?

ஆமாம். 2013 முதல் இந்த ஏரியில் குவாகா என்கிற சின்னச் சிப்பி பெருகிவிட்டது. குழாயை அடைக்கும், எஞ்சினைக் கெடுக்கும், ஒரு படகில் ஒட்டி அடுத்த ஏரிக்கும் போய்விடும். வெளியே வந்ததும் தேய்த்துக் கழுவி, உள்ளே தேங்கிய தண்ணீரை எல்லாம் வடித்து, படகின் அடைப்பானைக் கழற்றிவிட்டு டிரெய்லரை ஓட்டுங்கள். அடுத்த ஏரியில் இறக்குவதற்கு முன் காயவிட யூட்டா நாள் கணக்கு வைத்திருக்கிறது: கோடையில் 7, குளிர்காலத்தில் 30, இடைப்பட்ட மாதங்களில் 18. நங்கூரக் கயிற்றையும் காயவையுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, முதல் நாள் எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்?

விடியும்போது படகு தண்ணீரில் இருக்க வேண்டும். அணைப்பக்கக் கால்வாயில் இரண்டு பக்கமும் சுவர். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கினால் அவை கிளப்பும் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடங்காமல் கொதிக்கும், 18 அடிப் படகுக்கு அது பெரிய பாடு. மதியத்துக்கு மேல் அகலமான இடங்களில் காற்றும் எழும்பும். வெள்ளை நுரை தெரிந்தால் கரை ஒதுங்கி, டீ போட்டுக் குடித்துவிட்டுக் காத்திருங்கள். அதற்காகத் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாகவே விட்டு வையுங்கள். முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் ஏற்றி, டாங்கை நிரப்பி, கேன்களை எண்ணிவிடுங்கள். ஆறு மணிக்குச் சாய்தளத்தில் பார்க்கலாம், அரிசோனா நேரம்.