வெங்காயம் முளைத்துவிட்டது, பேப்பரை நிறுத்திவிடவா?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார். மளிகை, காய், மீன் எல்லாம் சேர்த்து மாதம் 11,000 ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேப்பர் படிக்காவிட்டால் பொழுது விடியாது, ராத்திரி டிவி விவாதமும் பார்ப்பேன். ஆனால் விலை பற்றி எது வந்தாலும் உடனே கடைக்கு ஓடிவிடுகிறேன். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை என்று வந்ததும் பத்து கிலோ வாங்கினேன், பொங்கலுக்குள் பாதி முளைவிட்டுவிட்டது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு வரி ஏறுகிறது என்றதும் பன்னிரண்டு பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய். இரண்டு ஒழுகிப்போனது, மூன்று இன்னும் அலமாரியில் வாடை அடித்துக்கொண்டு கிடக்கிறது. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம்தானாம் என்று இவரிடம் படித்துக் காட்டினேன், "அப்படியானால் மிச்சப் பணத்தை எடு" என்கிறார். "கட்சிக்காரன் சண்டையைப் பார்த்தால் பருப்பு வேகுமா, பேப்பரை நிறுத்திவிட்டு குடும்பத்தைப் பார்" என்று தினமும் பாட்டு. இத்தனைக்கும் இவர் பெட்ரோல் போடுவதற்கென்றே பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகிறவர். பேப்பரை நிறுத்திவிடட்டுமா?
பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: தங்கச்சி, பேப்பரை நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு பாக்கெட் எண்ணெய்க்குப் பேப்பர் என்ன செய்யும், பாவம். படித்த கையோடு செருப்பை மாட்டுகிறீர்களே, தகராறு அங்கேதான்.

முதலில் அந்த வெங்காயம். அதில் நீங்கள் செய்தியைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். ஏற்றுமதிக்குத் தடை என்றால் வெளிநாட்டுக்குக் கப்பலேற வேண்டிய வெங்காயம் இங்கேயே நிற்கப் போகிறது என்று அர்த்தம், வரத்து கூடும், விலை இறங்கும். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி தடை வந்ததும் நாசிக் பக்கம் லாசல்காவ் சந்தையில் விலை சரிந்து, விவசாயிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இறக்கம் லாரி ஏறி நம் கடலூர் கடைக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும். நீங்கள் அதற்குள் ஓடிப்போய், இறங்கப்போகிற சரக்கைப் பழைய விலையில் பத்து கிலோ அள்ளியிருக்கிறீர்கள். 'தடை' என்று படித்தாலே நம் காதில் 'தட்டுப்பாடு' என்றுதான் விழுகிறது, என்ன செய்வது! அதே வருஷம் ஜூலை 20-ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். அவர்கள் அள்ளியதில் நியாயம் உண்டு, தட்டுப்பாடு அவர்களுக்கு. இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் எதற்கு அள்ள வேண்டும்?

இன்னொன்று, டிசம்பரில் வருவது மழைக்கால வெங்காயம். ஈரம் அதிகம், வைத்தால் நிற்காது, அதிலும் நம் கடலோரத்து மார்கழிப் பனிக்கு முளைக்காமல் என்ன செய்யும். வாங்கி வைத்தே ஆக வேண்டும் என்றால் கோடையில் அறுவடையாகி வரும் ரபி வெங்காயத்தை ஏப்ரல், மே மாதத்தில் வாங்கி, காற்றாடும் இடத்தில் கோணியில் பரப்பி வையுங்கள், நாலைந்து மாதம் தாங்கும்.

எண்ணெய் விஷயத்தில் நீங்கள் படித்தது சரி, வாங்கியதுதான் தப்பு. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரி மொத்தமாகப் பார்த்தால் 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏறியது. நாம் தாளிக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது, பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து, சூரியகாந்தி ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து. அதனால் வரி ஏறினால் பாக்கெட் விலையும் ஏறியே தீரும். லிட்டருக்கு 20 ரூபாய் ஏறியது என்று வைத்தாலும் பன்னிரண்டு பாக்கெட்டில் உங்கள் லாபம் 240 ரூபாய். ஒழுகிய இரண்டையும் வாடை அடிக்கும் மூன்றையும் கழித்தால் நஷ்டம். அப்புறம், வீட்டில் எண்ணெய் நிறைய இருந்தால் கை தானாகத் தாராளமாகும். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன், அந்த மாதம் எங்கள் வீட்டில் அப்பளம் பொரியாத நாளே கிடையாது, வாரத்துக்கு இரண்டு முறை வடை வேறு. வரி ஏறுகிறது என்று படித்தால் அடுத்த மாதத்துக்கு வேண்டியதை இந்த மாதமே வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு பாக்கெட்டும் வேண்டாம். ஏறின வரி அப்படியே நிற்பதும் இல்லை, 2025 மே கடைசியில் அதே வரியை 16.5 சதவீதத்துக்கு இறக்கினார்களே! ரேஷன் பாமாயிலை வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், டெல்லியில் வரி ஏறினாலும் இறங்கினாலும் கார்டுக்கு அதே விலை. பலகாரத்துக்கு அதை வைத்துக்கொண்டு தாளிப்புக்கு வேறு எண்ணெய் வைத்தால் மாதச் செலவு தெரிந்தே குறையும். கௌரவம் பார்த்து அதை விட்டுவிட்டு விலைவாசிச் செய்தி படிப்பதில் அர்த்தமில்லை.

பணவீக்கக் கதைக்கு வருவோம். "மிச்சப் பணத்தை எடு" என்று கேட்கிறாரே, நியாயமான கேள்வி, உங்களிடம் கேட்டதுதான் தப்பு. 2025 அக்டோபர் மாதத்துக்கு 0.25 சதவீதம் என்றால், 2024 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடையை 2025 அக்டோபரில் 100 ரூபாய் 25 காசுக்கு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். ஏறுகிற வேகம்தான் குறைந்தது. ஏற்கனவே ஏறினது ஏறினதுதான். 2024 அக்டோபரில் காய்கறி விலை கொளுத்தியது, அதோடு ஒப்பிட்டால் அடுத்த வருஷம் எதுவும் மலிவாகத்தான் தெரியும். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், 2024 அக்டோபரில் தக்காளி கிலோ 70, 2025 அக்டோபரில் 30. ஆனால் அதே பக்கத்தில் தேங்காய் எண்ணெய் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டையும் கலந்து இந்தியா முழுக்கச் சராசரி போட்டு ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். அது உங்கள் வீட்டுக் கூடை இல்லை. உங்கள் வீட்டில் தக்காளி குறைவாகவும் எண்ணெய் அதிகமாகவும் போனால் உங்கள் பணவீக்கம் வேறு.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வரவு செலவு எழுதச் சொல்லவில்லை, அது எழுத ஆரம்பித்துப் பத்து நாளில் நின்றுபோகும், எனக்குத் தெரியும். நீங்கள் மாதா மாதம் தவறாமல் வாங்குகிற பத்துப் பன்னிரண்டு சாமான், அதன் விலை, எடை, தேதி, அவ்வளவுதான். உழவர் சந்தைப் பக்கம் போனால் வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும், நின்று பார்த்துவிட்டு வந்து அதையும் எழுதுங்கள். ஆறு மாதம் எழுதினால் எந்தச் செய்தி உங்கள் பைக்கு வந்து சேர்ந்தது, எது டிவியோடு போச்சு என்று உங்களுக்கே பிடிபடும்.

எடையை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி குறைந்தபோது சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. 118 ரூபாய்க்கு விற்றது 105 ரூபாய்க்கு வர வேண்டும், கணக்கு அதுதான். ஆனால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் விலையை மாற்றுவது கஷ்டம், உள்ளே கிராமைக் கூட்ட வேண்டும், அதைக் கூட்டினார்களா என்று பார்க்க பழைய எடை உங்கள் கையில் இருக்க வேண்டுமே. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் கிராமுக்கு இத்தனை என்று யூனிட் விலை போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். அரிசியிலும் அப்படித்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது, உடனே வியாபாரிகள் 26 கிலோ சிப்பம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒரு கிலோ எதற்கு என்று இன்னும் பல பேருக்குத் தெரியாது, பேப்பர் படித்தவருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்களேன்.

மாதம் முதல் தேதியில் "சிலிண்டர் விலை உயர்வு" என்று தலைப்பு வரும், பதறாதீர்கள், அது பெரும்பாலும் ஓட்டலுக்குப் போகிற 19 கிலோ வணிக சிலிண்டர். நம் அடுப்புக்கு வருவது 14.2 கிலோ. பட்ஜெட் அன்று எது விலை குறையும், எது கூடும் என்று பட்டியல் போடுவார்களே, 2017-க்குப் பிறகு பாதிக்கு மேல் ஜிஎஸ்டி கவுன்சில் கையில் போய்விட்டது, அன்றைக்கு டிவி முன்னால் உட்காருவதற்குப் பதில் துணி துவைக்கலாம்.

நம் ஊருக்கு உண்மையிலேயே ஓடிப்போய் வாங்க வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால் அது புயல். அதிலும் எதை வாங்குவது என்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததற்கு முந்தின நாள் நான் மூன்று கிலோ மீனும் ஒரு வாரத்துக் காயும் வாங்கி ஃபிரிட்ஜை நிரப்பி வைத்தேன், ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஆறு நாள் ஆனது. இரண்டாம் நாளே திறக்க முடியவில்லை, ஃபிரிட்ஜைத் துடைத்துக் காயவைத்த பிறகும் பொங்கல் வரைக்கும் அந்த நாற்றம் போகவில்லை. பக்கத்து வீட்டு அம்மா அவல், பொட்டுக்கடலை, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கருவாடு, மெழுகுவர்த்தி என்று வைத்திருந்தார், நாலு வீட்டுக்குக் கொடுத்தார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது எனக்குப் புத்தி வந்திருந்தது. அடுத்த நாட்களில் விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையில் வெள்ளம், ரயிலும் நின்றது, லாரி வராததால் காய் விலை ஏறியது. ஒரு வாரம் பருப்புத் துவையலும் புளிக்குழம்பும் வைத்து ஓட்டினோம், பிறகு விலை தானாக இறங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வானிலைச் செய்தியை மட்டும் தவறவிடாதீர்கள்.

மீனுக்கும் நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம், பாறை எல்லாம் யானை விலை. மார்ச்சிலேயே கருவாடு வாங்கி வெயிலில் இன்னொரு தடவை காயப்போட்டு வைத்துக்கொண்டு, நடுவில் ஃபைபர் படகு கொண்டுவரும் நெத்திலி, காரப்பொடியில் சமாளியுங்கள். இது வருஷா வருஷம் வருகிற செய்தி, முன்கூட்டியே தெரிந்த செய்தி, இதற்கு வாங்கி வைப்பதில் தப்பே இல்லை.

வாட்ஸ்அப்பில் வருவதைச் செய்தியில் சேர்க்காதீர்கள். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்த சில நாளில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று வடக்கே ஒரு புரளி கிளம்பி, கிலோ 200 ரூபாய் கொடுத்துக்கூட வாங்கினார்கள். மூன்று பக்கம் கடல் இருக்கிற நாட்டில்!

சரி, ராத்திரி விவாதம். இதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதில் துவரம் பருப்பு விலை எங்கேயும் வராது. பார்க்கப் பிடித்தால் பாருங்கள், யார் வேண்டாம் என்றது, கையில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நார் உரித்தபடி பாருங்கள், ஒரு வேலையாவது முடியும். ஆனால் "குடும்பத்தைப் பார்க்கிறவளுக்கு அரசியல் எதற்கு" என்ற தொனியில் அவர் பேசினால் விடாதீர்கள். வெங்காயத்துக்குத் தடை போட்டது யார், எண்ணெய்க்கு வரி ஏற்றி இறக்கியது யார், ரேஷன் பருப்பை 30 ரூபாய்க்குக் கொடுக்க யார் பணம் ஒதுக்குகிறார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள்.

அப்படியே பெட்ரோலையும் கேளுங்கள். பாண்டிச்சேரியில் வரி குறைவு என்பதால் லிட்டருக்கு ஐந்து ரூபாய் போல மிச்சம், அது உண்மை. ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் பிடிக்குமா, 25 ரூபாய். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முள்ளோடை போய்வர பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது, அதற்கே முப்பது ரூபாய் பெட்ரோல் எரியும், வழியில் ஒரு டீ, ஒரு வடை. பாண்டிச்சேரியில் வேறு வேலை இருந்து வருகிற அன்று நிரப்பிக்கொள்ளட்டும். இதற்கென்றே வருகிறார் என்றால், தங்கச்சி, அவர் பெட்ரோலுக்குத்தான் வருகிறாரா என்பது வேறு கேள்வி, அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

அலமாரியில் இருக்கும் அந்த மூன்று பாக்கெட்டையும் சமையலில் சேர்க்காதீர்கள். சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் போட்ட தேதிக்கு மேல் வருஷக்கணக்கில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும், புது எண்ணெயோடு கலந்தால் புதுசும் கெடும். கார்த்திகை தீபத்துக்கு வாசலில் அகல் ஏற்ற வைத்துக்கொள்ளுங்கள்.