கொழுந்து வாட்டிய மாடியில் கூத்து ஆடலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) திருத்திக் கலை மண்டபமாக்கியிருக்கிறோம். மேல்மாடியில் 200 பேரோடு காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் மலையகக் கூத்து) நடத்தலாமா? கீழே புதிதாகப் பூசிய சுவர் ஒரே வருடத்தில் உதிர்வது ஏன்?

பதில்: மாடியில் வேண்டாம். வாட்டப் பரப்பிய அத்தனை தேயிலைக் கொழுந்தையும் தாங்கிய தளம் ஆட்களைத் தாங்காதா என்று தோன்றும். ஆனால் வாட்டும் தொட்டியில் சதுர மீட்டருக்குப் பரப்புவது ஏறத்தாழ 25, 30 கிலோ கொழுந்துதான். நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் அதே இடத்தில் 300 கிலோவுக்கு மேல் வரும். அதனால்தான் ஆட்டம் நடக்கும் மண்டபத் தளத்துக்குப் பொறியியலாளர்கள் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்கு வைக்கிறார்கள். தப்பு மேளத்தின் சத்தத்துக்கு எல்லோரும் ஒன்றாகக் கால் போட்டால் தளத்துக்கு அது தனிப் பாரம்.

உத்திரக்கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஈரச்சுவருக்குள் இருக்கும் முனை உளுத்துப்போகும். சுலபமாக இறங்கினால், பொறியியலாளர் பார்த்துச் சொல்லும்வரை மாடியைப் பூட்டி வையுங்கள். தளம் சரியென்றாலும் அங்கே படக் கண்காட்சி போதும், அதுவும் ஆட்களை எண்ணி அனுப்பி. கூத்துக்கு வெளித்திடல்தான் அழகு; தப்பைக் காய்ச்ச மூட்டும் தீயையும் மரத்தளத்துக்கு அருகில் வைக்க முடியாதே. மழைக்காக உள்ளே வந்தே ஆகவேண்டுமென்றால் கீழ்த்தளம், எதிரெதிரே இரண்டு வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு.

சுவர் உதிர்வது சீமெந்தால். கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாய்க் கட்டிய சுவர், குடித்த ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பின்னால் தேங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளுகிறது. மறுபடி சீமெந்தே பூசினால் அடுத்த வருடமும் இதே கதைதான்.

முதலில் கூரைப் பீலியையும், பிறகு தண்ணீர் ஓடும் கானையும் சரிசெய்யுங்கள். மலைப்பக்கத்து மண் உள்தளத்தைவிடக் குறைந்தது 15 சென்றிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்காக மண்மேட்டை வெட்டுவதற்கு முன் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். அடுத்து, ஈரக்கறைக்கு மேல் ஓரடிவரை சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு. 18 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் 9 மாதம் ஆகும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பூச்சுக்குச் சில வாரம் ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, உப்பில்லாத கூர்மணல் (சொரசொரப்பான மணல்) 3 பங்கு. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போடாதீர்கள், வெடிப்பு விழும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்த பூச்சு. ஹட்டன் பக்கம் இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஆனால் நுவரெலியாபோல் பனி உறையும் இடங்களில் இரவுக் குளிர் 5 பாகைக்குக் கீழே போனால் சுண்ணாம்பு பிடிக்காது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பழையபடி ஈரத்தை அடைத்துவிடும்.