ஈயூ 4 கேள்வி பதில்: சண்டையில ஜெயிச்சிட்டு நாட்டைத் தொலைக்கிறவங்களுக்கு

"யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 புதுசா தொடங்குறவங்க கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்"னு போன கிழமை எழுதியிருந்தேன். பதுளையில இருந்து மஸ்கெலியா வரைக்கும் கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்திட்டேன். நான் ஹட்டன். இந்த கேமை எட்டு வருஷமா விளையாடுறேன், முதல் நாலு தடவையும் நாடு போச்சு.

கேள்விப்படாதவங்களுக்கு: ஸ்வீடன் கம்பனி பாரடாக்ஸ் 2013இல வெளியிட்ட கேம். 1444 நவம்பர் 11இல தொடங்கி 1821 வரைக்கும் ஓடும். உலகப் படத்துல ஒரு நாட்டை எடுத்து வரி, வியாபாரம், சம்பந்தம், படை எல்லாத்தையும் நீங்கதான் பார்க்கணும். ஜெயிச்சாச்சுன்னு சொல்ற இடம் கிடையாது. என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கணும்.

கொட்டகலை: அண்ணே, திறந்த உடனே எங்க பார்த்தாலும் பட்டன். யூடியூப்ல மூணு மணித்தியால வீடியோ பார்த்தும் ஒண்ணும் விளங்கல. எங்க இருந்து தொடங்குறது?

வீடியோவை மூடுங்க தம்பி. விளையாடாம பார்த்தா அது மண்டையில நிக்காது. போர்ச்சுகலை எடுங்க. ஐரோப்பாவுல அதுக்குப் பக்கத்து நாடு காஸ்டீல் (பிறகு ஸ்பெயின் ஆனது) ஒண்ணுதான். அவனோட கூட்டணி போட்டுட்டா வாசல்ல சண்டை இல்ல, நிம்மதியா பட்டன்களைப் பார்க்கலாம்.

மேல மூணு எண் இருக்கும்: நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம். முதல் கேமில அதை மட்டும் கவனிங்க. மாசா மாசம் ஒவ்வொண்ணுலயும் 3 புள்ளி சும்மா வரும். அதோட ராஜாவோட திறமை, 0இல இருந்து 6 வரைக்கும், சேரும். ஆலோசகருக்குச் சம்பளம் கொடுத்தா அவரோட பங்கும் சேரும். தொழில்நுட்பம் ஏத்துறது, பிடிச்ச நிலத்தைச் சொந்தமாக்குறது எல்லாமே இந்தப் புள்ளியிலதான். காசு இல்லாட்டி கடன் வாங்கலாம், புள்ளியைக் கடன் தர ஆள் கிடையாது. அதனால கையில காசு வந்ததும் படையைப் பெருக்காம ஆலோசகரை வைங்க.

ஸ்பேஸ் பாரைத் தட்டினா கேம் நிக்கும். நிறுத்திட்டு, விளங்காத எண் மேல மவுஸை வைங்க, ஏன் அந்த எண் வந்ததுன்னு அதுவே கணக்குக் காட்டும். வேகம் அஞ்சு படி இருக்கு, நீங்க ரெண்டைத் தாண்ட வேண்டாம்.

நுவரெலியா: நம்ம நாட்டையே எடுத்து விளையாட ஆசை. கோட்டே எடுக்கலாமா?

ஆசை விளங்குது, எனக்கும் இருந்தது. 1444இல கோட்டேயில நிஜமாவே ஆறாம் பராக்கிரமபாகு ஆட்சி. 1505இல போர்த்துக்கீசன் கொழும்புல இறங்குறது, 1815இல கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போறது, எல்லாம் இந்த கேமோட காலத்துக்குள்ளதான் வருது. மாத்திப் பார்க்கணும்னு யாருக்குத்தான் தோணாது.

ஆனா முதல் கேமுக்கு வேண்டாம். மறுமலர்ச்சி, அச்சுக்கூடம் மாதிரி விஷயங்கள் ஐரோப்பாவுல தொடங்கி மெதுவா பரவும். அது வந்து சேரும் வரைக்கும் உங்களுக்குத் தொழில்நுட்பச் செலவு வருஷா வருஷம் ஏறிட்டே போகும். வடக்க விஜயநகரம் வேற பெருசா நிக்கும். மூணாவது கேமில எடுங்க.

ராகலை: ஓட்டமன் (துருக்கி சுல்தான் நாடு) எடுத்து மூணு சண்டை ஜெயிச்சேன். பிறகு ஊர் ஊரா கலகம், சுத்தி இருந்தவன் எல்லாம் ஒண்ணா சேர்ந்து அடிச்சான். ஜெயிச்சதுக்கு ஏன் தண்டனை?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்னு சொல்லலாம். இந்த கேமில சண்டையில தோத்து அழியிறவன் குறைவு. ஜெயிச்சதை செமிக்க முடியாம அழியிறவன்தான் அதிகம்.

ரெண்டு விஷயம் நடந்திருக்கு. ஒண்ணு, நீங்க பிடிச்ச ஊர் பிடிச்ச உடனே உங்களுடையது ஆகாது. நிர்வாகப் புள்ளியைக் கட்டி, ஏறக்குறைய மூணு வருஷம் காத்திருந்தா தான் அது உங்க சொந்த நிலம். கேம் அதுக்கு 'கோர்'னு பேர் வைச்சிருக்கு. அது வரைக்கும் அந்த ஊர் உங்க தலையில சுமை. சுமை 100 வீதத்தைத் தாண்டினா கெட்ட சம்பவமா வந்து விழும். மூணு சண்டையில பிடிச்சதை எல்லாம் கோர் பண்ண உங்ககிட்ட புள்ளி இருந்திருக்காது.

ரெண்டாவது, பக்கத்து நாட்டுக்காரன் பயம். நீங்க ஒரு ஊரை விழுங்கினா அதைச் சுத்தி இருக்கிறவங்க, முக்கியமா பிடிபட்டவனோட மதம், கலாசாரத்தைச் சேர்ந்தவங்க, உங்க மேல கணக்கு எழுதுவாங்க. அந்தக் கணக்கு 50ஐத் தாண்டினவன் உங்களுக்கு எதிரா கூட்டு சேரலாம். தனித்தனியா அவனுங்க உங்களுக்கு ஈடில்ல, பத்துப் பேர் சேர்ந்தா தாங்காது. சமாதானப் பத்திரத்தில ஊரைக் குறிக்கும்போதே, இதுக்கு மேல எடுத்தா யார் யார் கூட்டு சேருவான்னு அந்தத் திரையே காட்டும். நிறையப் பேர் அதைப் பார்க்காமலே 'அனுப்பு'வை அமுக்கிடுறாங்க.

கணக்கு வருஷம் ரெண்டு புள்ளி அளவில ஆறும். ஆக, பால்கன் பக்கம் ஒரு சண்டையா, அடுத்தது கிழக்க ஆசியா மைனர் பக்கம். ஒரு மூலையில கோபம் ஆறும்போது மற்ற மூலையில சாப்பிடுங்க. ஊருக்குப் பதிலா சில நேரம் காசு கேட்டு விட்டுடுங்க. நான் இதைக் கத்துக்கிறதுக்குள்ள மூணு நாடு போச்சு.

தலவாக்கலை: வியாபாரம் விளங்கவே இல்ல. வணிகர் எல்லாரையும் 'வசூல் பண்ணு'ன்னு வைச்சிருக்கேன், காசு வரல.

தோட்டத்துல வளர்ந்தவனுக்கு இதை விளங்கப்படுத்துறது லேசு. கொழுந்து பறிக்கிறது மலையில. ஃபெக்டரியில தூளாகுது. ஏலம் போறது கொழும்புல, 1883இல இருந்து அப்படித்தான். அதுக்கும் அப்பால, கலந்து பொதி பண்ணி விக்கிறவன் கையிலதான் பெரிய காசு. கொழுந்து எடுத்த கைக்கு என்ன கிடைக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேமில உலகம் பூரா வியாபார மையங்கள் இருக்கு. சரக்கோட பெறுமதி ஆறு மாதிரி ஒரே பக்கமா ஓடும், திருப்ப முடியாது. கடைசியில மூணு இடத்துல போய்ச் சேரும்: இங்கிலிஷ் சேனல், ஜெனோவா, வெனிஸ். அதுக்கு மேல போக இடமில்ல. ஏன் அப்படின்னு கேட்டா, அந்தக் காலத்து உலகத்தை ஐரோப்பாவுல உட்கார்ந்து பார்த்து செஞ்ச கேம் இது. எனக்கு அதுல மனத்தாங்கல் உண்டு. ஆனா காசு எந்தப் பக்கம் போச்சுங்கிறதை இவ்வளவு தெளிவா வேற எங்கயும் நான் பார்க்கல.

உங்க பிழை இதுதான். சொந்த மையத்துல வணிகர் இல்லாட்டியும் காசு தானா வரும். வேற மையத்துல 'வசூல்'னு வைச்சா உங்க பலம் அங்க பாதியாகும். மேல் பக்கத்து மையங்களுக்கு வணிகரை அனுப்பி, சரக்கை உங்க மையம் பார்த்துத் தள்ளச் சொல்லுங்க. வசூல் வீட்டுல மட்டும்.

வெலிமடை: என் படை 20,000, அவன் படை 14,000. தோத்துட்டேன். கேமில பிழையா?

எங்க போய் அடிச்சீங்க? மலையிலதானே. ஒவ்வொரு கட்டத்துலயும் கேம் தாயம் உருட்டும், மலைக்கு ஏறி வந்து அடிக்கிறவனுக்கு அதுல 2 குறையும். ஆறு கடந்து வந்தா இன்னும் 1. ஒரு ஊர் தாங்குற அளவை விடப் பெரிய படையை நிறுத்தினா சண்டை இல்லாமலே ஆள் சாவான்.

வெலிமடையில இருந்துட்டு இதைக் கேக்குறீங்களே. 1594இல தந்துறை, 1630இல வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெல, 1638இல கன்னொருவ, மூணுலயும் மலைநாட்டுக்கு ஏறி வந்த போர்த்துக்கீசப் படை நாசமாப் போச்சு. நீங்க மலையில நில்லுங்க, அவன் ஏறி வரட்டும். சண்டைக்கு முன்ன ராணுவத் தொழில்நுட்பத்துல அவன் உங்களுக்கு மேலயா கீழயான்னும் பாருங்க. ஒரு படி வித்தியாசமே ஆள் எண்ணிக்கையைச் சாப்பிட்டுடும்.

மஸ்கெலியா: கடன் வாங்கினாலே கேம் முடிஞ்சுதா?

இல்ல. நகையை அடகு வைச்சுப் பிள்ளையைக் கம்பஸ் அனுப்புறதும் கடன்தான், ஃபோன் வாங்குறதும் கடன்தான். முடியப்போற சண்டைக்குக் கூலிப்படை எடுக்கக் கடன் வாங்குங்க, சமாதானத்துல காசு கேட்டு அடைங்க. வட்டி கட்டவே கடன் வாங்குற நிலைமைக்குத்தான் போகக் கூடாது. சண்டை இல்லாத காலத்துல படைப் பராமரிப்பைக் குறைச்சு வைங்க, அடுத்த சண்டைக்குச் சில மாசம் முன்ன ஏத்த மறந்துடாதீங்க.

பண்டாரவளை: அண்ணா, எனக்கு இந்த எண்கள் பிடிக்கல, ராஜா ராணி கதை மாதிரி இருந்தா விளையாடுவேன்.

அப்ப உங்களுக்கு ஈயூ 4 இல்ல தங்கச்சி, குரூசேடர் கிங்ஸ் 3. அதே கம்பனி, 2020. அதுல நீங்க நாடு இல்ல, ஒரு குடும்பம். ராஜா செத்தா வாரிசா மாறி விளையாடுவீங்க. 1066இல அயர்லாந்துல தொடங்குங்க, பயிற்சியே அங்கதான் வைச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்றேன். ஆரம்பத்துல பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கும். நாப்பது வருஷம் சேர்த்த நிலம் அப்பா செத்த அன்னைக்கே மகன்மாருக்குப் பிரிஞ்சு போயிடும். முதல் தடவை அழுவீங்க. லயத்துக் காம்பரா ஒண்ணுக்கு அண்ணன் தம்பி சண்டை பார்த்த நமக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

மூணு பேர் கேட்டது: லெப்டொப் பழசு, காசும் இல்ல, இங்கிலீஷும் அவ்வளவு வராது.

ஈயூ 4 பழைய கேம், பழைய லெப்டொப்புல ஓடும், கேமுக்குள்ள 1700ஆம் வருஷத்தைத் தாண்டினா மெதுவாகி இழுக்கும். 2025இல வந்த ஈயூ 5ஐ அதுல நினைக்கவே வேண்டாம். காசே இல்லாட்டி குரூசேடர் கிங்ஸ் 2இன் அடிப்படை கேம் 2019இல இருந்து ஸ்டீம்ல (கேம் விக்கிற இணையக் கடை) இலவசம்.

மேலதிகப் பொதிகள் நிறைய விக்கிறாங்க, முதல்ல ஒண்ணும் வாங்காதீங்க. கூட்டாளிகளோட சேர்ந்து விளையாடினா, கேமை நடத்துறவன்கிட்ட இருக்கிற பொதி எல்லாருக்கும் வேலை செய்யும். நாலு பேர் காசு போட்டு ஒருத்தன் பேர்ல வாங்குங்க, சண்டை கேமுக்குள்ள மட்டும் இருக்கட்டும்.

இங்கிலீஷுக்கு: திரும்பத் திரும்ப வர்றது ஒரு முப்பது சொல்தான். கொப்பியில எழுதி வைங்க.

ஹட்டன், ஒரு அம்மா: மகன் ஏ/எல் எடுக்கிறான். இதுல சரித்திரம் படிக்கிறேன்னு சொல்றான். உண்மையா?

பாதி உண்மை, அக்கா. ஊர்ப் பேரும் ராஜா பேரும் படமும் நல்லா மனசுல நிக்கும். ஆனா முதல் நாளுக்குப் பிறகு நடக்கிறது எல்லாம் அவன் செய்ற சரித்திரம், அதைப் பரீட்சையில எழுதினா புள்ளி வராது. ஒரு கேம் முடிக்கப் பல நாள் போகும். பரீட்சை முடியட்டும், பிறகு என்கிட்ட அனுப்புங்க.

பொகவந்தலாவ: மழைக்குக் கரண்ட் போனா கேம் போயிடுமா?

தானா சேவ் ஆகிற இடைவெளியை செட்டிங்ஸ்ல குறைச்சு வைங்க. 'அயர்ன்மேன்'னு ஒரு முறை இருக்கு, அதுல ஒரே ஒரு சேவ்தான், பழசுக்குத் திரும்ப முடியாது. புதுசா தொடங்குறவங்க அதைத் தொடாதீங்க. போன ஜூன்ல வெனிஸைப் பிடிச்சுப் பத்திரம் எழுதிட்டு இருக்கும்போது இடி இடிச்சு எங்க லைன்ல கரண்ட் போச்சு. வந்து பார்த்தா வெனிஸ் வெனிஸ்காரன்கிட்டயே இருக்கு.