அணிகளை ஏன் ஊர் மாற்றுகிறார்கள்? சிறிய நகரங்களால் ஒரு தொழில்முறை அணியைத் தாங்க முடியுமா? அரங்கத்துக்கு அரசு பணம் கொடுக்கலாமா? ஹாக்கி அணியை இழந்த கனடாவின் கியூபெக் நகருக்கு மீண்டும் அணி வருமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

சிறிய நகரத்தால் முடியும். ஆனால் அந்த நகரத்து மக்கள் மட்டும் மனம் வைத்தால் போதாது. நான் கனடாவின் வினிபெக்கில் வசிக்கிறேன். சொந்த ஐஸ் ஹாக்கி அணியைப் பறிகொடுத்து, 15 ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரின் அணியைப் பெற்ற நகரம் இது.

"ஊர் சிறியது, அதனால் அணி போய்விட்டது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சலிஸில் 1995 முதல் 2015 வரை ஒரே ஒரு என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகூட இல்லை. அங்கே இருந்த ராம்ஸ் அணி செயின்ட் லூயிக்கும் ரெய்டர்ஸ் அணி ஓக்லண்டுக்கும் போய்விட்டன. அட்லாண்டா தன் ஹாக்கி அணியை இரண்டு முறை இழந்தது. இரண்டு முறையும் அதைப் பெற்றது தன்னைவிடச் சிறிய ஒரு கனடிய நகரம்: 1980இல் கால்கரி, 2011இல் நாங்கள். இன்னொரு பக்கம், விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். அங்கே 1919இல் தொடங்கிய பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி இன்றும் அங்கேயே ஆடுகிறது. அதன் லாம்போ அரங்கத்தில் 80,000க்கும் மேற்பட்ட இருக்கைகள். சீசன் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

கிரீன் பேயின் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, அணிக்குத் தனி முதலாளி இல்லை. 1923இல் பணமுடை வந்தபோது ஊர் மக்களிடம் பங்கு விற்று அணியைக் காப்பாற்றினார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாபப் பங்கீடு கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆகவே, "புதிய அரங்கம் கட்டித் தாருங்கள், இல்லாவிட்டால் போய்விடுவேன்" என்று மிரட்ட அங்கே ஆளே இல்லை. இரண்டாவது, தொலைக்காட்சிப் பணம். லீக் மொத்தமாக உரிமத்தை விற்று எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக்கொடுக்க 1961இல் அமெரிக்காவில் சட்டம் வழி செய்தது. நியூயார்க் அணிக்கு என்ன தொகையோ அதேதான் கிரீன் பேக்கும். பேக்கர்ஸ் தன் கணக்கைப் பொதுவில் வெளியிடுகிறது. அண்மைக் காலத்தில் லீக்கிலிருந்து வரும் பங்கு மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு நன்றாக நடக்கும் இந்த ஏற்பாட்டை வேறெந்த ஊரும் பின்பற்ற என்.எஃப்.எல். விதிகள் இடம் தருவதில்லை. பேக்கர்ஸ் மட்டும் விதிவிலக்கு. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ஊர் மக்களே உரிமையாளர்களாக இருந்தால் அணியைக் காட்டி மிரட்டும் வழி அடைபட்டுவிடும் என்பதைத் தவிர இந்தத் தடைக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. எங்கள் ஜெட்ஸ் அணி 1979இல் என்.எச்.எல். என்ற ஐஸ் ஹாக்கி லீக்கில் சேர்ந்தது, 1996இல் ஃபீனிக்ஸுக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், டிக்கெட் வசூல் கனடிய டாலரில். அப்போது கனடிய டாலரின் மதிப்பு 73 அமெரிக்க சென்ட் அளவில்தான் இருந்தது. சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை. அரங்கம் பழையது. பெரிய நிறுவனங்கள் அதிக விலை கொடுத்து எடுக்கும் தனி அறைகள் போதுமான அளவில் அதில் இல்லை. 1995இல் அணியைக் காக்க மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் திரண்டார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்ததை இங்குள்ள மூத்தவர்கள் இன்றும் சொல்லிக் கலங்குவார்கள். அணி போவது ஒரு பருவம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். ஏறத்தாழ எங்கள் அளவே உள்ள கியூபெக் நகரத்தின் நோர்டிக்ஸ் அணி 1995இல் டென்வருக்குப் போய், அங்கே ஆடிய முதல் பருவத்திலேயே லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த மக்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

2011இல் எப்படித் திரும்பக் கிடைத்தது? ஊர் திடீரென்று பெருத்துவிடவில்லை, விதிகள்தான் மாறின. முதலாளிகளின் கதவடைப்பால் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. அதன் முடிவில் சம்பள உச்சவரம்பும், வருவாய் குறைந்த அணிகளுக்குப் பணம் பகிரும் முறையும் வந்தன. கனடிய டாலர் ஏறி அமெரிக்க டாலருக்கு ஈடாக நின்றது. நகர மையத்தில் 2004இல் புதிய அரங்கம் திறந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்க் சிப்மன் என்ற உள்ளூர்க்காரரும், கனடாவின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவரான டேவிட் தாம்சனும் அணியை வாங்கத் தயாராக இருந்தார்கள். அட்லாண்டாவிலோ உரிமையாளர்களே தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். இங்கே சிப்மன் தரப்பினர் 13,000 சீசன் டிக்கெட்டுகள் விற்றால்தான் நடக்கும் என்று அறிவித்தார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அப்படியும், பொது விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டது.

எங்களிடமிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன அணி 2009இல் திவாலானது. லீக்கே அதை எடுத்து நடத்த வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் 5,000 இருக்கைகூட இல்லாத அரங்கத்தில் ஆடி, 2024இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் மக்கள்தொகை எங்களுடையதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

சிறிய நகரத்தின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சீசன் டிக்கெட் எண்ணிக்கை 13,000 அளவிலிருந்து 10,000க்கும் கீழே இறங்கியது. இப்படியே போனால் நீண்ட காலம் தாங்காது என்று சிப்மன் 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். பெரிய நகரங்களில் நிறுவனங்கள் டிக்கெட்டுகளைக் கொத்தாக வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. வினிபெக்கில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் குறைவு. எங்களைப்போன்ற சம்பளக்காரர்கள்தான் இருக்கைகளை நிரப்ப வேண்டும். நானும் அலுவலக நண்பர்களோடு பங்கு போட்டுத்தான் சீசன் டிக்கெட் வாங்குகிறேன். ஒருவர் வேலை மாறினாலோ வீட்டுக் கடனின் வட்டி ஏறினாலோ அந்தப் பங்கை ஏற்க வேறு ஆள் தேட வேண்டியிருக்கிறது. அன்பு குறைவதில்லை, கையில் பணம் குறைகிறது. அரங்கமும் 15,000 சொச்சம் இருக்கைகள் கொண்டது, லீக்கின் மிகச் சிறிய அரங்கங்களில் ஒன்று. எல்லா இருக்கைகளும் நிரம்பினாலும் வசூலுக்கு ஓர் எல்லை உண்டு. 2024-25இல் எங்கள் அணி லீக் முழுவதிலும் அதிகப் புள்ளிகள் எடுத்தது என்பதால் நெருக்கடி சற்றுத் தணிந்திருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் முதலிடம் வர எந்த அணியாலும் முடியாது.

அரசுப் பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சியாட்டிலின் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி 2008இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனதற்கு உடனடிக் காரணம், அரங்கத்துக்குப் பொதுப் பணம் கிடைக்காததுதான். ஓக்லஹோமா சிட்டி மக்கள் 2008இலும் 2023இலும் வாக்களித்து, ஒரு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியை அரங்கத்துக்காகத் தாங்களே ஏற்றார்கள். அங்கே தண்டர் என்று பெயர் மாறிய அந்த அணி 2025இல் என்.பி.ஏ. கோப்பையை வென்றது. அவர்கள் முடிவை நான் குறை சொல்லமாட்டேன், வாக்களித்துச் செய்தார்கள். ஆனால் சியாட்டில் மறுத்ததும் தவறில்லை. பழைய அரங்கம் இருந்த இடத்தில், அதே கூரையை வைத்துக்கொண்டு, தனியார் பணத்தில் புதிய அரங்கம் 2021இல் எழுந்தது. அரங்கங்களுக்கு அரசு கொடுக்கும் பணம் நகரத்துக்கு அந்த அளவுக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளாதார வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியாக, கியூபெக் நகருக்கு மீண்டும் அணி வருமா என்ற உங்கள் கேள்வி. 2015இல் அங்கே பெரும்பாலும் பொதுப் பணத்தில் ஏறத்தாழ 18,000 இருக்கைகளோடு அரங்கம் கட்டி முடித்துவிட்டார்கள். விண்ணப்பமும் போட்டார்கள். 2016இல் லீக் லாஸ் வேகஸுக்கு அணியைக் கொடுத்துவிட்டு, கியூபெக்கின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தது. வினிபெக், கியூபெக் இரண்டின் மக்கள்தொகையும் சுற்றுப்பகுதிகளைச் சேர்த்து 2021 கணக்கெடுப்பில் தலா எட்டேகால் லட்சத்துக்குச் சற்று மேல்தான். நாங்கள் விலை பேசியபோது தவித்துக்கொண்டிருந்த ஓர் அணியும், ஈடாக நின்ற கனடிய டாலரும், லீக்குக்குப் பிடித்த உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் அமைந்தன. கனடிய டாலர் இன்றிருக்கும் நிலையில், தவிக்கும் அணி ஒன்று சந்தைக்கு வராதவரை கியூபெக்குக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.