புது மெருகு போன பிறகு: போன், இயர்பட், வாட்ச் – கேள்வி பதில்

பெட்டியைப் பிரித்த அன்று நான் எந்தப் போனைப் பற்றியும் எழுதுவதில்லை. முதல் வாரம் எல்லாப் போனும் நல்ல போன்தான். பத்து மாதம் பையில் கிடந்து, வியர்வை பட்டு, இரண்டு தடவை கீழே விழுந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். அதனால் நேற்று வந்த மாடலைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு, வாங்கி நாளானவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, போன் வாங்கி ஒன்னேகால் வருஷம் ஆகுது. புதுசுல காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நிக்கும். இப்போ சாயங்காலம் நாலு மணிக்கே பதினஞ்சு பர்சென்ட்டுக்கு வந்துடுது. ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டதாலதான்னு வீட்ல திட்டுறாங்க. அதுதான் காரணமா?

பதில்: வீட்டில் சொல்வது பாதி சரி. நூறு வந்ததும் போனே கரண்டை நிறுத்திவிடும்; விடிய விடிய ஏறிக்கொண்டே இருக்காது. ஆனால் நூறிலேயே மணிக்கணக்காக நிற்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. நிரம்பிய பேட்டரியில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்; அந்த நிலையில் உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமாக நடக்கும். சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் போடுவது கணக்கு. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய 450 சுற்று. (இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று.) ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது, ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஆக உங்கள் பேட்டரிக்கு வந்திருப்பது வயசு, வியாதி இல்லை.

என் அனுபவத்தில் ராத்திரி சார்ஜைவிடப் பெரிய எமன் காரின் முன்கண்ணாடி. ஒரு வருஷம் போனை அங்கேதான் மாட்டி வைத்திருந்தேன். வெயில் நேராக அடிக்கும், மேப் ஓடும், சார்ஜும் ஏறும். கழற்றும்போது இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுடும். அதே மாடலை அதே வாரம் வாங்கிய என் மனைவியின் போன் இன்றைக்கும் இரவு வரை நிற்கிறது. என்னுடையதற்குப் பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போது ஏசி காற்று வரும் துவாரத்துக்கு எதிரே மாட்டுகிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, திடீரென்று வந்ததா? திடீரென்று என்றால் நீங்கள் உட்காரும் இடம் மாறியிருக்கலாம். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் மூலையில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். அங்கே வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எண்பதோட சார்ஜை நிறுத்தணும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ இருபது பர்சென்ட் எனக்கு நஷ்டம்தானே?

பதில்: நஷ்டம்தான். மூன்றாவது வருஷம் கிடைக்கப்போகும் லாபத்துக்காக இன்றைக்கே இருபதை விட்டுக்கொடுக்கிறீர்கள். வருஷம் ஒரு போன் மாற்றுகிறவருக்கு அது வீண் விரதம். நாலு வருஷம் ஓட்டுகிறவர் செய்யலாம். அவரும் வெளியூர் போகும் நாளில் கூச்சப்படாமல் நூறு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சார், சார்ஜ் போடுற இடம் லூசாயிடுச்சு. கேபிளை ஒரு மாதிரி வளைச்சுப் பிடிச்சாத்தான் ஏறுது. போர்டையே மாத்தணும்னு சர்வீஸ்ல சொல்றாங்க.

பதில்: மாற்றுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சும் மரத்தால் ஆன பல்குத்தியும் எடுங்கள். கேபிளைச் செருகிப் பக்கவாட்டில் பாருங்கள். உலோக முனை துளியும் வெளியே தெரியாமல் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள்.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் டார்ச் அடித்தால் துளைக்குள் வெறும் கறுப்புதான் தெரிந்தது. அழுக்கு என்றே தோன்றவில்லை. போனை அணைத்தேன். பல்குத்தியின் முனையை பிளேடால் தட்டையாகச் சீவி, நடுவில் இருக்கும் நாக்கைத் தொடாமல், சுவரை ஒட்டி மெல்ல நெம்பினேன். சாம்பல் நிறப் பஞ்சு, கம்பளம் மாதிரி இறுகிப்போய், துளையின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக வெளியே வந்து விழுந்தது. ஜீன்ஸ் பையின் நூல்தூசி. நாள்தோறும் கேபிளைக் குத்திக் குத்தி நானேதான் அதை இறுக்கியிருக்கிறேன். அதன் பிறகு முதலில் தூக்கிப் போட்ட கேபிளே சரியாக உட்கார்ந்தது.

குண்டூசி, ஊக்கு எதுவும் வேண்டாம். உலோகம் உள்ளே பட்டால் ஷார்ட் ஆகும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும். சுத்தம் செய்தும் லூசாகவே இருந்தால் துளை தேய்ந்திருக்கிறது. பல போன்களில் சார்ஜிங் பகுதி தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும். “மெயின் போர்டா, சப் போர்டா?” என்று கேளுங்கள். கேட்கிறவருக்குச் சொல்லும் தொகையே சில இடங்களில் மாறும்.

கேள்வி: 67 வாட் போனுக்கு 100 வாட் சார்ஜர் போட்டா கெட்டுப்போகுமா? போட்டும் பார்த்தேன், மெதுவாத்தான் ஏறுது.

பதில்: கெடாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்குவது போன்தான். சார்ஜர் அள்ளித் திணிப்பதில்லை. மெதுவாக ஏறுவதற்குக் காரணம், இரண்டும் வேறு வேறு பாஷை பேசுகின்றன. பல நிறுவனங்களின் வேகச் சார்ஜிங் அவரவர் சொந்த ஏற்பாடு. பவர் டெலிவரி என்ற, எல்லாருக்கும் பொதுவான முறையில் ஓடும் சார்ஜரில் மாட்டினால் போன் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். கேபிளையும் பாருங்கள்: யூஎஸ்பி-சி கேபிளில் 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் அதற்குள் ஓர் அடையாளச் சிப் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த வாட் கணக்கும் ஆரம்ப நிமிடங்களுக்குத்தான். பாதி தாண்டியதும் இறங்கி, கடைசி இருபதில் நத்தையாகிவிடும்.

கேள்வி: என் பவர் பேங்க் 10,000 எம்ஏஎச். போன் 5,000. ரெண்டு தடவை ஏறணுமே, ஒன்றரையோட தீர்ந்துடுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லை, ஒன்றரை வந்தாலே அது நாணயமான பவர் பேங்க். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி (உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலின் அளவு). அதை 5 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்தி, கேபிளில் அனுப்பி, போன் மறுபடி இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். வாட்-மணியை மனதில் வையுங்கள், விமானத்திலும் அதைத்தான் பார்ப்பார்கள்: பொதுவாக 100 வரை அனுமதி, அதுவும் கைப்பையில் மட்டும்.

கேள்வி: தங்கச்சியோட போன்ல 200 மெகாபிக்சல் கேமரா. ஆனா எடுக்கிற படம் 12-தான் காட்டுது. எங்கே போச்சு மிச்சம்?

பதில்: எங்கேயும் போகவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்குகிறது. 200-ஐப் பதினாறால் வகுத்தால் 12.5. சின்னப் புள்ளிக்கு வெளிச்சம் போதாது என்பதால் இந்த ஏற்பாடு. நல்ல வெயிலில், அசையாத பொருளை, பிறகு வெட்டிப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 200-ஐப் போடுங்கள். நான் ஒரு வருஷத்தில் நாலைந்து தடவைதான் போட்டேன். இரவில் விளக்கெல்லாம் கோடு கோடாக இழுபடுகிறது என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய்தான் அது.

கேள்வி: ஐபி68 போட்டிருக்கு. நீச்சல் குளத்துல வீடியோ எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறியீடு. 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. தண்ணீர் எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடுமையாக, நிறுவனமே குறிப்பிடும் ஆழமும் நேரமும். ஆனால் அந்தச் சோதனை புதுப் போனில், சாதாரணத் தண்ணீரில் நடக்கிறது. குளத்தில் குளோரின், கடலில் உப்பு, குளியலறையில் சோப்பும் நீராவியும். உள்ளே தண்ணீரைத் தடுக்கும் பசையும் ரப்பரும் வயசாக ஆகத் தளரும்; ஒரு தடவை மூலை தட்டி விழுந்தாலே ஃப்ரேம் நெளிந்து இடைவெளி விடலாம். தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான வாரண்டிகள் கைவிரித்துவிடும். தவறி விழுந்தால் தப்பிக்கத்தான் 68. நனைந்தால் துளை கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூளும் துகளும் துளைக்குள் போவதுதான் மிச்சம்.

கேள்வி: புதுப் போன் வாங்கினதுல இருந்து ராத்திரி படிச்சா தலைவலி. கண் டாக்டர் பவர் சரியா இருக்குன்னு சொல்லிட்டார். போனா காரணம்?

பதில்: இருக்கலாம். பல ஓலெட் திரைகளில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வெளிச்சத்தைக் குறைத்தால் உண்மையில் மங்குவதில்லை; அணைந்து அணைந்து எரிகின்றன. சில போன்களில் நொடிக்கு 240 தடவை, சிலவற்றில் 480, சில நிறுவனங்கள் 3840 வரை போயிருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு இது உறைக்காது. எனக்கு உறைக்கும்: ஒரு போனில் அரை மணி படித்தால் புருவத்துக்கு மேல் பிடித்து இழுப்பது போல இருக்கும். சோதிக்க இன்னொரு போனின் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/2000 மாதிரி வேகமாக்கி, வெளிச்சம் குறைத்த திரையைப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான். அமைப்புகளில் ‘டிசி டிம்மிங்’, ‘ஃப்ளிக்கர் குறைப்பு’ மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்து, ‘எக்ஸ்ட்ரா டிம்’ வசதியால் மங்கலாக்குங்கள். அது பிம்பத்தைத்தான் கறுப்பாக்கும், விளக்கைத் துடிக்க வைக்காது. அப்படியும் தீரவில்லையென்றால் எல்சிடி திரை (பின்னால் தனி விளக்கு உள்ள வகை) உள்ள போனுக்கு மாறுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

கேள்வி: 8 ஜிபி ராம், கூட 8 ஜிபி விர்ச்சுவல் ராம். 16-க்குச் சமமா?

பதில்: சமமில்லை. ராம் என்பது ஓடும் ஆப்களைத் தாங்கும் வேகமான நினைவகம். விர்ச்சுவல் என்றால், படங்களும் ஆப்களும் சேமிக்கும் ஸ்டோரேஜில் ஒரு துண்டை ராம் என்று கூப்பிடுகிறார்கள், அது பல மடங்கு மெதுவு. அணைத்தே வைத்திருக்கிறேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

கேள்வி: அப்டேட் போட்டதும் போன் ஸ்லோ ஆயிடுச்சு. புதுசு வாங்க வைக்க வேணும்னே பண்றாங்களா?

பதில்: சந்தேகத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2017 டிசம்பரில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் குறைப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தளர்ந்த பேட்டரியால் திடீரென்று அதிக கரண்ட் கொடுக்க முடியாது, போன் பொசுக்கென்று அணைந்துவிடும், அதைத் தவிர்க்கத்தான் என்றார்கள். காரணம் நியாயமானது, சொல்லாமல் செய்ததுதான் தப்பு. உங்கள் போனுக்கு இரண்டு நாள் கொடுங்கள், அப்டேட் முடிந்த கையோடு பின்னணியில் நிறைய வேலை ஓடும். பிறகும் மெதுவென்றால் ஸ்டோரேஜ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். விளிம்பு வரை நிரம்பிய போன் எழுத இடம் தேடியே திணறும்.

கேள்வி: இயர்பட்ல இடது பக்கம் மட்டும் சத்தம் கம்மி. ஆறு மாசம்தான் ஆச்சு.

பதில்: ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். மஞ்சளாக மெழுகு பூசியிருந்தால் காது அழுக்கு. வலை கீழே பார்க்கப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுங்கள். மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் உள்ளேதான் போகும். கேட்க அருவருப்பாக இருந்தாலும், என்னிடம் ‘ரிப்பேர்’ என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான்.

கேள்வி: தம்பி, எனக்கு வயசு அறுபத்தெட்டு. பையன் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். ராத்திரி முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன், அது ஏழு மணி நேரம் தூங்கினேன்னு சொல்லுது!

பதில்: ஐயா, அது உங்கள் மூளையைப் பார்ப்பதில்லை. கை அசைகிறதா, நாடி எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஊகிக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் தூக்கம் என்று எழுதிவிடும். ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள். ஒரு மாதப் போக்கைப் பாருங்கள். நாடித் துடிப்பு ஓய்வில் ஓரளவு சரியாக இருக்கும், வார் தளர்ந்திருந்தால் அதுவும் தப்பும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டுங்கள். நெஞ்சில் ஏதாவது தோன்றினால் வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அண்ணே, பழைய போன் ரெண்டு வருஷமா டிராயர்ல கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா பின்மூடி தூக்கிக்கிட்டு நிக்குது. குழந்தையோட பழைய போட்டோ எல்லாம் அதுலதான். ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டு எடுத்துக்கலாமா?

பதில்: போடாதீர்கள். பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. மூடியை அமுக்கி மூடவும் வேண்டாம். உள்ளே உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். துணி, காகிதம் இல்லாத இடத்தில், டைல்ஸ் தரையிலோ உலோகத் தட்டிலோ வைத்துவிட்டு, பேட்டரி மாற்றுகிற ஆளிடம் கொண்டுபோங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள். படங்கள் பேட்டரியில் இல்லை, ஸ்டோரேஜில் இருக்கின்றன. வேறு பேட்டரி போட்டால் போன் உயிர் பெற்றுவிடும். “படம் வேண்டும், ரீசெட் பண்ணாதீங்க” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். போகும் வழியில் அந்தப் போனின் பழைய பேட்டர்னையோ பின் நம்பரையோ ஞாபகப்படுத்திப் பாருங்கள். அது இல்லாமல் திறக்காது.