எலிகளோடு வேலை செய்யப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஃபார்ம் கடைசி வருடம். எம்.ஃபார்மில் ஃபார்மகாலஜி, அதாவது மருந்தியல் எடுத்து, கல்லீரலையும் மூளையையும் சேதத்திலிருந்து காக்கும் மருந்துகளை எலிகளில் சோதிக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். "பூனைக்குட்டி செத்ததற்கு மூன்று நாள் சாப்பிடாத பெண், இப்போது எலியைக் கொல்லும் படிப்பு வேண்டும் என்கிறாள். வேலையாவது கிடைக்குமா? நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவள் மனதை மாற்றும்படி நான் பேசப்போவதில்லை. ஆனால் உங்கள் பயத்தையும் தள்ளிவிட மாட்டேன். இந்தத் துறையில் ஒரு பிள்ளை உருப்படுவதும் இரண்டு வருடத்தை வீணாக்குவதும் அவள் போய்ச் சேரும் ஆய்வகத்தையும் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடையும் பொறுத்தது. கல்லூரியின் பெயர் அதற்கு அடுத்துதான்.

முதலில் இது எதற்கான வேலை என்று சொல்கிறேன். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலை அழித்துவிடும். அது எப்படி நடக்கிறது என்பது 1973 வாக்கில் அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில்தான் புரிந்தது. மாத்திரை கல்லீரலில் உடைபடும்போது ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் அதைப் பிடித்து முடக்கிவிடும். குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோனால்தான் செல்கள் சாக ஆரம்பிக்கும். அப்படியென்றால் அந்தக் கையிருப்பை நிரப்பிக் கொடுத்தால் போதுமே! 1977ல் எடின்பரோவில் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றிக் காட்டினார்கள். இன்றைக்கும் பாராசிட்டமால் நஞ்சுக்கு அதுதான் மாற்று மருந்து. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தச் சுண்டெலிகளும் ஒரு காரணம்.

இன்னொரு கதையையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். இது அவ்வளவு நேராகப் போன கதை இல்லை. பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தைக்கு மூளை உடனே முழுதாகச் சேதமாவதில்லை. முதல் அடிக்குப் பிறகு சில மணி நேரம் இடைவெளி இருக்கும். அதன் பிறகு இரண்டாவது அலையாகச் செல்கள் சாகும். அந்த இடைவெளியில் மூளையைக் குளிர்வித்தால் என்ன ஆகும் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆட்டின் வயிற்றில் இருந்த குட்டிகளிடம் பார்த்தார்கள். 1997ல் வந்த முடிவு பிரமிக்க வைத்தது. 72 மணி நேரம் குளிர்வித்த குட்டிகளின் மூளைச் செல்கள் பெருமளவு தப்பியிருந்தன. 2005 முதல் பணக்கார நாடுகளில் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளும் பலன் காட்டின. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி, மூன்று நாள் வைத்திருப்பது அங்கே வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் நாடுகளில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஹீலிக்ஸ் ஆய்வு என்று பெயர். சென்னையும் அதில் இருந்தது. 2021ல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். உயிரையும் மூளையையும் காக்க வேண்டிய சிகிச்சை இங்கே உதவவில்லை, இறப்பும் கூடியிருந்தது. நம் குழந்தைகளுக்கு மூளைக் காயம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறதா, தாயின் உடல்நிலையா, தொற்றா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆட்டுக்குட்டியின் மூளைக்கு ரத்தம் எந்த நிமிடத்தில் தடைபட்டது என்று ஆய்வாளருக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தடுத்தவரே அவர்தான். எழும்பூரில் பிறக்கும் குழந்தைக்கு அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. இந்த வித்தியாசத்தை யோசிக்கத் தெரிந்த ஆள்தான் இந்தத் துறைக்கு இப்போது தேவை.

இனி நம் கல்லூரிகளுக்கு வருவோம். ஒரு வழக்கமான எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட் இப்படி இருக்கும். ஏதோ ஒரு மூலிகையின் எக்ஸ்ட்ராக்ட். விஸ்டார் வகை வெள்ளை எலிகள் முப்பது. ஆறு ஆறாக ஐந்து குழு. ஒரு குழுவுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. மீதி நான்குக்கும் கார்பன் டெட்ராகுளோரைடோ பாராசிட்டமாலோ கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள். அந்த நான்கில் ஒன்றை அப்படியே விடுவார்கள், ஒன்றுக்கு சிலிமாரின் என்ற தெரிந்த கல்லீரல் மருந்து, இரண்டுக்கு எக்ஸ்ட்ராக்ட் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். கடைசியில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரத்தச் சோதனைகளைப் பார்த்து, கல்லீரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து, 'இந்தச் செடி கல்லீரலைக் காக்கிறது' என்று எழுதி முடிப்பார்கள்.

இதில் தப்பு என்ன என்று கேட்பீர்கள். கீழாநெல்லியை நம்பும் ஊர் நம்முடையது, செடிகளை ஆராய்வது நல்லதுதான். ஆனால் ஆறு எலி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல மாணவர்களுக்குப் பதில் தெரியவில்லை. முன்னால் செய்தவர்கள் ஆறு வைத்தார்கள், நாங்களும் வைத்தோம் என்கிறார்கள். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்று குலுக்கிப் போட்டார்களா? கல்லீரல் ஸ்லைடைப் பார்த்தவருக்கு அது எந்தக் குழு என்று தெரியாமல் மறைத்தார்களா? பெரும்பாலும் இல்லை. அப்படிச் செய்த ஆய்வில் முப்பது உயிர் போனதுதான் மிச்சம், யாருக்கும் பலனில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. உங்கள் மகளை அப்படிப்பட்ட இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு மாணவியை நானே ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன். பெயர் பெற்ற கல்லூரி. அங்கே எலிகளுக்கான அனுமதி காலாவதியாகியிருந்ததை நான் விசாரிக்கவில்லை. ஏழு மாதம் காத்திருந்துவிட்டு, கடைசியில் வேறு தலைப்புக்கு மாறினாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையை அனுப்பினாலும் அனுமதி விவரத்தைத்தான் முதலில் கேட்கிறேன். 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் சிசிஎஸ்இஏ என்ற மத்தியக் குழு இருக்கிறது. கல்லூரி அதில் பதிவு செய்திருக்க வேண்டும். எலி, முயல் மாதிரிச் சிறு விலங்குகளுக்குக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியே அனுமதி தரும். அந்தக் குழுவில் கால்நடை மருத்துவர் ஒருவரும், மத்தியக் குழு நியமித்த வெளியாட்களும் உட்கார வேண்டும். கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் மகள் இதுவரை ஒரு எலியைக்கூடக் கையில் பிடித்திருக்க வாய்ப்பில்லை. இப்போது பி.ஃபார்ம் பாடத்திட்டத்தில் விலங்குப் பரிசோதனைகளை மென்பொருளிலும் வீடியோவிலும்தான் காட்டுகிறார்கள். ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற மென்பொருள்கள் அதற்கு உதவுகின்றன. அது நல்ல மாற்றம்தான். ஆனால் திரையில் முயலின் கண்ணில் சொட்டு விடுவது வேறு, அனிமல் ஹவுஸ் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த மூத்திர வாடை வேறு. பிளாஸ்டிக் கூண்டுகள், அடியில் உமி, தலைகீழாகச் செருகிய தண்ணீர் பாட்டில். எலிகளின் வெள்ளை முடியில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் அடையாளம்: ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். மருந்து கொடுக்கும் ஊசியின் நுனியில் சின்ன உருண்டை இருக்கும். அதை எலியின் வாய் வழியாக இரைப்பைக்கு இறக்க வேண்டும். கை அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பதறாத கையை முரட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். பூனைக்குட்டிக்காக அழுத பெண்ணுக்குத்தான் அந்தக் கை வாய்க்கும் என்பது என் அனுபவம். எலி பயந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு முடிவில் எலிகளைக் கொல்வார்கள். ஆய்வகத்தில் 'சாக்ரிஃபைஸ்' என்பார்கள். மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்தோ வேறு அனுமதித்த முறையிலோ செய்வார்கள். கல்லீரலை எடுத்துப் பார்க்க வேறு வழி இல்லை. இதை அவளால் தாங்க முடியாவிட்டால் அது பலவீனம் இல்லை. ஃபார்மகாலஜி படித்தவர்களுக்கு மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஃபார்மகோவிஜிலன்ஸ், மருத்துவ ஆய்வு, அறிக்கை எழுதும் வேலை என்று எலியே இல்லாத வழிகள் இருக்கின்றன. அவளுக்கு ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எலி மூத்திரத்தில் இருக்கும் புரதத்தால் அலர்ஜி வந்து நல்ல ஆய்வாளர்களே விலகியிருக்கிறார்கள்.

வேலை விஷயம். எம்.ஃபார்முக்கான தேசியத் தேர்வான ஜிபேட் எழுதித் தேறினால், ஏஐசிடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனமான நைப்பரின் நுழைவுத் தேர்வுக்கும் அந்தத் தேர்ச்சி பயன்படும். படிப்பு முடிந்ததும் பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்துகளின் பாதுகாப்பைச் சோதித்துத் தரும் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் படப்பையிலும் அப்படி ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. பிஎச்.டிக்குப் போனால், மத்திய அரசின் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆரம்பச் சம்பளம் ஐடி மாதிரி இருக்காது. கை வேலையோடு புள்ளியியலும் தெரிந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வருடத்தில் மதிப்பு கூடும்.

எலியே தேவைப்படாத காலம் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2023ல் இந்தியாவும் விதிகளை மாற்றி, மனித செல்களில் செய்யும் சோதனைகளுக்கும் வழி திறந்துவிட்டன. அதனால் செல் வளர்ப்பும் சேர்த்துக் கற்றுத்தரும் ஆய்வகமாகப் பாருங்கள். இரண்டும் தெரிந்தவளுக்கு எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் இடம் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விண்ணப்பம் போடும் முன், அவள் சேர நினைக்கும் கல்லூரியின் துறைத்தலைவருக்கு எழுதி, அனிமல் ஹவுஸை ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கைடையும் சந்திக்கட்டும். அவரிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேரின் தீசிஸை வாங்கிப் புரட்டட்டும். எலிகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தார்கள் என்ற பக்கம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய், வெளியே உட்கார்ந்திருங்கள். பார்த்துவிட்டு வந்த அன்று இரவு அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். மறுநாள் அவளே பேசுவாள். அதன் பிறகு எனக்கு ஒரு போன் போடுங்கள்.